விருந்தினரை அழைக்கும் அலுவலகம்

தொழில் என்றவுடன் நம் கண்முன் தோன்றுவன புகைபோக்கியும், ஆலைச் சங்கின் ஒலியும், வாயிலில் கூடி நிற்கும் தொழிலாளர் கூட்டமுமே. நூல் நூற்பது தொழில். இரும்பு உருக்குவது தொழில். சீனி காய்ச்சுவது தொழில். ஊர் பார்க்க வருகிறவர்க்கு ஊரைக் காட்டுவதும் ஒரு தொழிலாகுமோ என்று நம் பாட்டனார் காலத்தவர் நகைத்திருப்பர். ஆயினும் நம் அண்டை மாநிலமாகிய கேரளம் 1986ஆம் ஆண்டிலேயே சுற்றுலாவை ஒரு தொழிலாக அரசு முறையில் அறிவித்துவிட்டது. பேராலைகள் மிகுதியாக இல்லாத, மக்கள் நெருக்கம் மிகுந்த, படித்த இளைஞர் பிழைப்பு நாடி வளைகுடா நாடுகளுக்குக் கப்பலேறியும் விமானமேறியும் சென்றுகொண்டிருந்த ஒரு நிலப்பகுதிக்கு, மலையும் காயலும் கடலுமே முதலீடாயின.

அரசு அலுவலகம் ஒன்று மக்களைப் பயணத்திற்கு அழைப்பது எங்ஙனம்? அவ்வழைப்பை ஏற்று வருகிறவர் கொணரும் பணம் யார் கைக்குப் போய்ச் சேருகிறது? இவ்விரு வினாக்களையும் கேரளத்தை முன்வைத்துச் சிறிது ஆராய்வோம். இரண்டாம் வினாவே நமக்கு முதன்மையானது. கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் பங்குகளிலிருந்தும் மலையாற்றூருக்கும் தேக்கடிக்கும் ஆலப்புழைக்கும் பேருந்து அமர்த்திக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் புறப்படுகிறோம் அன்றோ? அங்கே நாம் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் ஏதோ ஒரு வீட்டின் அடுப்பை எட்டுகிறது. அல்லது எட்டாமலே போய்விடுகிறது.

கேரளச் சுற்றுலாத் துறையின் அமைப்பை விரிவாகக் கூற வேண்டுவதில்லை. விடுதிகளையும் படகுகளையும் தானே நடத்துவதற்கென 1966இல் தோன்றிய சுற்றுலா வளர்ச்சிக் கழகம் ஒன்று உண்டு. மாவட்டந்தோறும் சுற்றுலா மேம்பாட்டுக் குழு உண்டு. இளைஞரைப் பயிற்றுவிக்கக் கல்வி நிறுவனமும் உண்டு. இத்தகைய ஏற்பாடுகள் பிற மாநிலங்களிலும் இருக்கின்றன. கேரளம் முந்திக்கொண்டதன் காரணம் வேறு. அரசே எல்லாவற்றையும் கட்டி ஆளவேண்டும் என்ற எண்ணத்தைக் கைவிட்டு, தனியார் விடுதிகளும் வீடுகளும் படகுகளும் தொழில் செய்யட்டும், அவர்களுக்குச் சந்தையைத் திறந்துவிடுவதும் தரத்தைக் கண்காணிப்பதும் நம் வேலை என்று அத்துறை துணிந்தது.

முதலாவது, பெயர். முத்ரா என்னும் விளம்பர நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் மெண்டெஸ் 1989இல் 'கடவுளின் சொந்த நாடு' என்ற தொடரைக் கேரளத்திற்கு ஆக்கி அளித்தார். தொடர் புதியதன்று, நியூசிலாந்து நாட்டார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தம் நாட்டை அவ்வாறு அழைத்துப் பெருமை கொண்டனர். கடவுளுக்குச் சொந்தமல்லாத நாடு எது என்று கேட்க நமக்கும் நா எழுகிறது. விளம்பரக்காரரோடு இறையியல் வாதம் புரிந்து என்ன பயன் என்று விட்டுவிடுவோம்! ஆனால் அப்பெயர் செய்த உதவியை மறுக்க முடியாது. நான்கு அறைகள் கொண்ட தன் வீட்டில் விருந்தினரை ஏற்று வாழும் ஒரு தாய், லண்டன் நாளிதழில் விளம்பரம் செய்ய இயலுமா? இயலாது. ஆனால் மாநிலம் முழுவதற்கும் ஒரே பெயரை அரசு பரப்பிவிட்டால், அப்பெயரின் நிழலில் அவளும் நின்றுகொள்ளலாம்.

இரண்டாவது, சந்தை. பெர்லினிலும் லண்டனிலும் ஆண்டுதோறும் உலகப் பயணத் தொழிலாளர் கூடும் பெருங்கண்காட்சிகள் நடைபெறுகின்றன. அங்கே கேரளத் துறை பெரியதொரு கூடத்தை அமைக்கிறது. அமைத்த கூடத்தில் அதிகாரிகள் மட்டும் அமர்ந்து துண்டுப் பிரசுரம் வழங்குவதில்லை. கூடத்தின் உள்ளே சிறு சிறு மேசைகளில் விடுதிக்காரரும், படகுக்காரரும், ஆயுர்வேத நிலையத்தாரும், பயண முகவரும் அமர்கின்றனர். தனித்துச் சென்றால் அத்தகைய இடத்தில் கால் வைக்கவும் இயலாதவர்கள், மாநிலத்தின் கொடியின்கீழ் அயல்நாட்டு முகவரோடு நேருக்கு நேர் பேசி ஒப்பந்தம் செய்துகொள்கின்றனர்.

இதையே தலைகீழாகத் திருப்பியது கேரள டிராவல் மார்ட். விற்கிறவர் கடல் கடந்து போவதற்குப் பதிலாக வாங்குகிறவரை இங்கே அழைத்தால் என்ன? தொழில் செய்வோரின் சங்கமும் அரசும் கைகோத்து 2000ஆம் ஆண்டில் முதல் சந்தையை நடத்தின. அதன்பின் இரண்டாண்டுக்கு ஒருமுறை கூடுவது வழக்கமாயிற்று. வருகின்ற முகவர் எந்த மணியில் எந்த மேசையில் யாரைக் காண்பார் என்பது முன்னரே குறிக்கப்பட்டிருக்கும். பேச்சு முடிந்தபின் அவர் காயலுக்கும் மலைக்கும் அழைத்துச் செல்லப்படுவார். மாட்டுச் சந்தையில் துணிக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசும் நம் ஊர் வழக்கம் நினைவிற்கு வருகிறது. பொருளைக் கண்ணால் காணாமல் எவரும் பணம் கொடுப்பதில்லை என்னும் உண்மை இரண்டிற்கும் பொது.

மூன்றாவது, நம்பிக்கை. முன்பின் அறியாத வீட்டில் மனைவி மக்களோடு இரவு தங்குவதென்றால் எவரும் தயங்குவர். ஆகவே துறை வீடுகளைச் சென்று பார்வையிட்டு, வைரம், பொன், வெள்ளி எனத் தரம் பிரித்துச் சான்று வழங்குகிறது. ஆயுர்வேத நிலையங்களுக்குப் பச்சை இலை, ஒலிவ இலை என்னும் சான்றுகள் ஏற்பட்டன. வீட்டுத் தங்கல் என்று பெயர் பெறுவதற்கு ஆறு அறைகளுக்கு மேல் இருத்தல் ஆகாது. உரிமையாளர் அவ்வீட்டிலேயே குடியிருத்தல் வேண்டும். இவ்விதி நமக்கு மிகவும் பிடித்தது. குடும்பம் வாழாத இடத்தில் விருந்தோம்பல் எங்கிருந்து வரும்?

இவ்வளவும் நன்றே. வருவோர் தொகையும் பெருகிற்று. 2019இல் ஏறக்குறைய 12 லட்சம் அயல்நாட்டாரும் 1 கோடியே 83 லட்சம் இந்தியரும் வந்தனர். கொள்ளைநோய்க் காலத்தின் வீழ்ச்சிக்குப் பின் 2023இல் இந்தியப் பயணிகள் மட்டும் 2 கோடியே 18 லட்சத்தை எட்டினர். அயல்நாட்டாரோ ஆறரை லட்சத்தளவே. இத்தொகைகளைக் கண்டு மகிழும் அலுவலகம், நாம் முன்பு எழுப்பிய இரண்டாம் வினாவை மறந்துவிடுவது எளிது. அதை மறக்கவொட்டாமல் செய்தது கோட்டயம் மாவட்டத்தில் வேம்பநாட்டுக் காயலின் கீழ்க்கரையிலுள்ள குமரகம் என்னும் சிற்றூர்.

குமரகம் உழவரும் மீனவரும் சிப்பி அள்ளுவோரும் வாழும் ஊர். 1990களில் காயற்கரையில் உயர்தர விடுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. 2000ஆம் ஆண்டின் இறுதியில் பிரதமர் வாஜ்பாய் ஓய்வெடுக்க அங்கு வந்து தங்கியபின் ஊரின் பெயர் நாடெங்கும் பரவிற்று. ஆனால் விடுதியின் மதிலுக்கு உள்ளே ஓர் உலகம், வெளியே வேறோர் உலகம். காய்கறியும் முட்டையும் பாலும் வெளியூர் வணிகரிடமிருந்து வந்தன. காயலுக்கு இறங்கும் வழிகள் அடைபடுவதாக மீனவர் முறையிட்டனர். ஊரின் அழகு விலைபோயிற்று. ஊரார் கையில் காசு வரவில்லை. மனத்தாங்கல் வளராமல் என் செய்யும்?

சுற்றுலாத் துறை 2007இல் இதுகுறித்துப் பலரையும் கூட்டிக் கலந்துரையாடிற்று. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் 2002இல் கூடியோர் வகுத்த 'பொறுப்புள்ள சுற்றுலா' என்னும் கருத்தை வழிகாட்டியாகக் கொண்டு, கோவளம், குமரகம், தேக்கடி, வயநாடு ஆகிய நான்கு இடங்களைச் சோதனைக்குத் தெரிந்தெடுத்தது. 2008 மார்ச்சில் குமரகத்தில் பணி தொடங்கிற்று.

எடுத்துக்கொண்ட முதற்காரியம் எளியது போலத் தோன்றும்: விடுதிகள் ஊர்க் காய்கறியை வாங்க வேண்டும். ஆனால் அதனுள் எத்தனை முடிச்சுகள்! விடுதியின் சமையற்காரருக்கு நாள்தோறும், ஒரே தரத்தில், குறித்த நேரத்தில் பொருள் வேண்டும். ஊர்ப் பெண்மணியின் கொல்லையிலோ ஒரு வாரம் வெண்டை குவியும். மறுவாரம் ஒன்றும் இராது. விலையை யார் நிர்ணயிப்பது? அழுகிய காய்க்கு யார் பொறுப்பு? பணம் மாதக் கடைசியில் தருவோம் என்று விடுதி சொன்னால், அன்றாடங்காய்ச்சிக் குடும்பம் அதுவரை எதை உண்ணும்? நன்மை செய்ய விழையும் பலர் இத்தகைய முடிச்சுகளைக் கண்டவுடன் ஒரு விழா நடத்திப் புகைப்படம் எடுத்துக்கொண்டு நின்றுவிடுவர்.

இங்கே அலுவலகம் நிற்கவில்லை. கிராம பஞ்சாயத்தும், 1998இல் கேரளம் தொடங்கிய குடும்பஸ்ரீ என்னும் மகளிர் குழுக்களும் துணை நின்றன. விடுதிகளுக்கு எவ்வெப்பொருள் எவ்வளவு தேவை என்று கணக்கெடுத்தனர். அதற்கேற்பப் பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து தரிசாகக் கிடந்த நிலத்திலும் வீட்டுக் கொல்லையிலும் பயிரிட்டனர். விலையையும் தரத்தையும் முடிவு செய்யக் குழுக்கள் அமைந்தன. பல வீடுகளின் விளைச்சலை ஓரிடத்தில் வாங்கி விடுதிகளுக்கு அனுப்ப 'சம்ருத்தி' என்னும் கடை திறக்கப்பட்டது. அக்கடையே இத்திட்டத்தின் அச்சாணி என்று நாம் கருதுகிறோம். நூறு கொல்லைகளும் ஒரு விடுதியும் நேரே பேசிக்கொள்ள இயலாது. நடுவில் இருவருக்கும் பொதுவானதொரு கை வேண்டும்.

இன்னோர் ஏற்பாடும் உண்டு. பயணிகளைச் சிறு படகிலும் கால்நடையாகவும் ஊருக்குள் அழைத்துச் சென்று, கயிறு திரிப்பது, தாழையோலைப் பாய் முடைவது, வலை வீசுவது, தென்னங்கள் இறக்குவது ஆகியவற்றைக் காட்டுகின்றனர். காட்டும் குடும்பத்திற்கு அதற்கான ஊதியம் உண்டு. ஏழைகளின் பிழைப்பைக் காட்சிப் பொருளாக்குவதா என்று சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. ஆனால் முன்னரும் பயணிகள் மதிலுக்கு அப்பாலிருந்து அவர்களைப் படம் பிடித்துக்கொண்டுதான் இருந்தனர். ஊதியமோ உடன்பாடோ இல்லாமல். இப்போது பாய் முடையும் மூதாட்டி தன் திண்ணையில் தானே ஆசிரியை, வந்தவர் மாணவர், விரல் சிக்கி விழிப்பவரும் அவரே.

ஐக்கிய நாடுகளின் உலகச் சுற்றுலா அமைப்பு 2013ஆம் ஆண்டிற்குரிய யுலிசிஸ் விருதை இம்முயற்சிக்காகக் கேரளத்திற்கு வழங்கிற்று. 2017இல் இத்திட்டம் மாநிலம் முழுவதற்குமான இயக்கமாக விரிவடைந்தது. ஒட்டன்சத்திரத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் லாரி லாரியாகக் காய்கறி ஏற்றுமதி செய்யும் நம் தமிழக உழவர்க்கு இதனால் ஒரு துளி வணிகம் குறைந்திருக்கலாம். அதை இழப்பென்று எண்ண நமக்கு மனம் வரவில்லை.

அலுவலகத்தின் உண்மையான மதிப்பு துன்ப நாளில் தெரியவரும். 2018இல் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியைக் காணப் பெருங்கூட்டம் மூணாறுக்கு வருமென்று எல்லாரும் காத்திருந்தனர். ஆகஸ்டில் வந்ததோ பெருவெள்ளம். நானூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர், சாலைகள் அறுந்தன, 1952இல் பண்டித நேருவின் வருகையால் தோன்றிய ஆலப்புழைப் படகுப் போட்டியும் நவம்பருக்குத் தள்ளிவைக்கப்பட்டது. ஆனால் செப்டம்பர் இறுதியில் கூடவேண்டிய டிராவல் மார்ட்டைத் தள்ளிவைக்கவில்லை. வீடு இழந்தோர் இன்னும் முகாம் விட்டுத் தேறாத வேளையில் சந்தை வேண்டுமா என்று கேட்டோரும் இருந்திருப்பர். பயணிகள் வராவிடில் படகோட்டிக்கும் சமையற்காரருக்கும் துணி வெளுப்பவருக்கும் அடுத்த ஆறு மாதம் வருமானம் இல்லை என்பதே அதற்கு விடை. 2024 ஜூலை 30இல் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை மண்சரிவு விழுங்கியபோதும் இதே இடர் நேர்ந்தது. அழிந்தது ஒரு பஞ்சாயத்தின் பகுதி. பயணிகள் கைவிட்டதோ மாவட்டம் முழுவதையும். நிலச்சரிவு தொடாத ஊர்களின் பிழைப்பும் அதனால் சரிந்தது. அவர்களைத் திரும்ப அழைப்பதே துறையின் அப்போதைய முதற்பணியாயிற்று.

குறைகளைக் கூறாமல் விடுவது முறையன்று. நெல் ஏற்றிச் சென்ற கெட்டுவள்ளங்கள் வீட்டுப் படகுகளாக மாறியபின் நூற்றுக்கணக்கில் பெருகிவிட்டன. அவற்றின் கழிவும் எண்ணெயும் காயலில் கலப்பதாக எழும் முறையீடு இன்றும் ஓயவில்லை. வேம்பநாடு 2002 முதல் உலகளாவிய ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம் பெற்ற நீர்நிலை. அதன் நலிவுக்குத் தண்ணீர்முக்கம் தடுப்பணையும் வயல்களின் பூச்சி மருந்தும்கூடக் காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் சிப்பி அள்ளுவோன் மூழ்குவது அதே நீரில்தானே?

இதனினும் கொடியது உயிரிழப்பு. 2009 செப்டம்பர் 30இல் தேக்கடி ஏரியில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஈரடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். தமிழகத்திலிருந்து சென்றோரும் அவர்களுள் இருந்தனர். 2023 மே 7 அன்று தானூரில், மீன்பிடிப் படகை மாற்றியமைத்துத் தனியார் ஓட்டிய உல்லாசப் படகு, அளவுக்கு மிஞ்சிய ஆட்களுடன் இருட்டும் வேளையில் சென்று கவிழ்ந்தது. மாண்டோர் 22 பேர். அவர்களுள் குழந்தைகளே மிகுதி. விருந்தினரை அழைப்பது ஓர் அலுவலகம். படகைச் சோதித்து உரிமம் தருவது வேறோர் அலுவலகம். கரையில் நின்று தடுக்கவேண்டியது மூன்றாவதோர் அலுவலகம். இம்மூன்றிற்கும் இடையிலுள்ள இடைவெளியில்தான் அக்குழந்தைகள் விழுந்தனர்.

வரும் கோடையில் காயலுக்குச் செல்லவிருக்கும் நம் குடும்பங்கள், படகில் ஏறுமுன் அனுமதிக்கப்பட்ட ஆட்தொகை எழுதிய பலகையைப் படித்துப் பார்க்கட்டும். மிதவை அங்கி எல்லார்க்கும், சிறு பிள்ளைகளுக்கு அவர்தம் அளவிலும், உண்டா என்று கேட்கட்டும். இல்லையெனில் கட்டிய பணம் போனாலும் போகட்டும், பிள்ளைகளோடு கரையிலேயே இருந்துவிடட்டும்.