மின்சாரம் ஏற்றிய மருந்துத் துளிகள்

பயிருக்கு மருந்து தெளிப்போர் யாவரும் அறிந்த நஷ்டம் ஒன்றுண்டு. தெளித்த மருந்து இலையின் மேற்புறத்தை நனைத்துத் தரையில் வழிந்து போகிறது. பூச்சிகள் தங்கும் அடிப்புறத்தை அது பெரும்பாலும் எட்டுவதில்லை. இக்குறையை நீக்கும்பொருட்டே துளிகளுக்கு மின்சாரம் ஏற்றித் தெளிக்கும் கருவிகள் தோன்றின. அமெரிக்காவில் ஜார்ஜியா சர்வகலாசாலையைச் சேர்ந்த எட்வர்ட் லா என்பவர் 1970-களில் இம்முறையை ஆராய்ந்து வளர்த்தார். மின்சாரம் ஏற்றிய துளிகள் ஒன்றையொன்று விலக்கிப் பரவுகின்றன. பூமியோடு தொடர்புள்ள செடி அவற்றைத் தன்பால் இழுப்பதால், இலையின் அடிப்புறத்திலும் மருந்து படிகிறது.

ஆயின் மின்சாரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று எண்ணலாகாது. துளியை உருண்டையாகக் கட்டி வைப்பது திரவத்தின் பரப்பு இழுவிசை. ஏறிய மின்சாரமோ அதை வெளிப்புறமாகத் தள்ளுகிறது. தள்ளும் விசை மிகுந்தால் துளி நிலைகுலையும். அது தாங்கக்கூடிய எல்லையை ராலே பிரபு 1882-ல் கணக்கிட்டுக் காட்டினார். துளியின் ஆரம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால், அது தாங்கும் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகக் குறையும்.

கருவிகள் ஏற்றும் மின்சாரம் பொதுவாக இவ்வெல்லைக்குக் குறைவானதே. எனினும் நீர் ஆவியாகும்போது மின்சாரம் அதனுடன் நீங்குவதில்லை. துளி மட்டும் சிறுத்து, எல்லையை நெருங்குகிறது. எல்லையை எட்டியதும் அது நீண்டு, இரு முனைகளும் கூராகி, அவற்றினின்று மிக நுண்ணிய தாரைகளை வீசுகிறது. 2003-ல் ஜெர்மன் விஞ்ஞானிகள் அந்தரத்தில் நிறுத்திய துளிகளைக் கொண்டு இதைப் படம் பிடித்தனர். அப்போது மின்சாரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வெளியேறியது. திரவத்தில் வெளியேறியதோ நூற்றுக்கு 0.3 பங்கே. இலைக்கு இழுத்துச் செல்லும் மின்சாரத்தில் ஒரு பகுதியை இழந்த சிறு துளி காற்றின் போக்கில் அலையலாம். அது அயல் வயலில் விழலாம். தெளிப்பவரின் மூச்சிலும் கலக்கலாம்.

ஆகவே குடியானவர்கள் கவனிக்க வேண்டுவன பின்வருமாறு:

1. உச்சி வெயிலில் தெளிக்கலாகாது. 50 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு குறுக்களவுள்ள நீர்த்துளி, 30 டிகிரி வெப்பமும் நூற்றுக்கு 50 பங்கு ஈரப்பதமும் உள்ள காற்றில் சுமார் 4 விநாடியில் மறைந்துவிடும். காலையும் மாலையுமே ஏற்ற வேளைகள்.

2. துளி எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு நன்று என்று கருதலாகாது. கருவிக்குரிய முனையையே பொருத்த வேண்டும்.

3. அடர்ந்த பயிரில் வெளி இலைகளே துளிகளை முதலில் பற்றிக்கொள்ளும். உள்ளிலைகளுக்கு மருந்தைச் செலுத்தக் காற்றோட்டம் தரும் கருவி வேண்டும்.

4. கருவியைப் பூமியோடு இணைக்கும் கம்பி அறுபடாமலிருக்கிறதா என்பதைத் தெளிக்குமுன் ஒவ்வொரு முறையும் பார்த்தல் அவசியம்.