சிறு கணினியின் கடன் நினைவு



உள்ளங்கையில் அடங்கும் சிறு கணினி ஒன்றை என் வீட்டு மாடியில் வைத்து, வெப்பநிலையையும் மழையளவையும் பதிந்துவரச் செய்திருந்தேன். ஒரு நாள் அது ஓய்ந்துவிட்டது. ஆராய்ந்தபோது, கணினி பழுதாகவில்லை. அதில் செருகியிருந்த நினைவட்டையே தேய்ந்து போயிருந்தது. பதினொரு மாதப் பதிவுகளும் அதனுடன் மறைந்தன. குற்றம் என்னுடையதே. அதை விளக்குகிறேன்.

கணினிக்கு ‘ராம்’ என்னும் நினைவகம், நாம் எழுதும் மேசையைப் போன்றது. மேசை நிறைந்தால், உடனே வேண்டாத தாள்களை அலமாரியில் வைத்து, வேண்டும்போது எடுத்துக்கொள்கிறோம் அல்லவா? கணினியும் தன் நினைவைப் பக்கங்களாகப் பகுத்து, பயன்படாதிருக்கும் பக்கங்களைச் சேமிப்பகத்துக்கு அனுப்புகிறது. இதையே ‘ஸ்வாப்’ என்பர். இம்முறை புதிதன்று. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1962-ஆம் ஆண்டு தொடங்கிவைக்கப்பட்ட அட்லஸ் கணினி, 512 சொற்கள் கொண்ட பக்கங்களை நினைவகத்துக்கும் காந்த உருளைக்கும் இடையே தானாகவே மாற்றிக்கொண்டது.

காந்த உருளை, திரும்பத் திரும்ப எழுதுவதால் தேய்வதில்லை. நினைவட்டையோ அத்தகையதன்று, அதன் ஒவ்வொரு பகுதியையும் ஓரளவு தடவைகளே அழித்தெழுத இயலும். சிறு பக்கம் ஒன்றை மாற்றுவதற்கும் பெரிய தொகுதி ஒன்றை அழிக்க நேரலாம். நான் நினைவகத்துக்கு மிஞ்சிய வேலைகளை அக்கணினியின்மேல் சுமத்தியிருந்தேன். பக்கங்கள் இரவும் பகலும் அட்டையில் ஏறி இறங்கின.

அப்படியானால் ஸ்வாப்பை நீக்கிவிடலாமே என்பீர்கள். நீக்கினால், நினைவு அறவே தீர்ந்ததும் லினக்ஸ் இயங்குதளம் ஏதேனும் ஒரு நிரலைக் கொன்றுவிடும். அது நமக்கு வேண்டிய நிரலாகவே இருத்தலும் கூடும்.

நடுவழி ஒன்று உண்டு. 2014-இல் லினக்ஸின் முறையான பகுதியாகிய ‘இசட்-ராம்’, பக்கங்களை அட்டைக்கு அனுப்பாமல், சுருக்கி நினைவகத்திலேயே வைக்கிறது. தாளை மடித்து மேசை ஓரத்திலேயே செருகுவது போன்றது இது. பல வேளைகளில் பக்கம் பாதியளவுக்கும் குறைந்துவிடும். ஆனால், முன்பே சுருக்கப்பட்ட படங்கள் மேலும் சுருங்கா. சுருக்குவதற்கும் விரிப்பதற்கும் செயலிக்குச் சிறிது உழைப்பும் ஆகும்.

இப்பொழுது என் கணினியில் இசட்-ராம் இயங்குகிறது. எனினும், அதற்குமுன் நான் செய்தது வேறொன்று: வேண்டாத நிரல்களை நிறுத்தினேன், பதிவுகளை நாள்தோறும் வேறோரிடத்தில் படியெடுக்கவும் ஏற்பாடு செய்தேன். கடன் வாங்கும் வழியை அறிவது நன்று. வரவுக்குள் வாழ்வது அதனினும் நன்று.