கரைந்த நஞ்சும் சுட்ட மண்ணும்

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி, உப்பனாற்றின் கரையில், 1980களில் தோன்றிய சிப்காட் தொழிற்பேட்டை நீண்டு கிடக்கிறது. சாயமும் மருந்தும் பூச்சிக்கொல்லியும் செய்யும் இரசாயன ஆலைகள் நிறைந்த அப்பிரதேசத்தில், குடிகாடு முதலிய கிராமங்களின் ஜனங்களுக்கு நிலத்தடி நீரைப் பற்றிய கவலை நித்திய விசாரமாகிவிட்டது. கலங்கிய நீரை மனிதன் தானாகவே ஒதுக்கிவிடுவான்; தெளிந்த நீரில் கரைந்து மறைந்திருக்கும் வஸ்துக்களே அவனை ஏமாற்றுகின்றன.

வீடுகளில் நாம் வைத்திருக்கும் பீங்கான் வடிகட்டி இங்கே உதவாது. அதன் துவாரங்கள் ஏறத்தாழ ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவினவாதலால், சேற்றையும் பெரும்பாலான கிருமிகளையும் தடுக்கும். ஆனால் கிள்ளை என்னும் ஊரின் கடற்கழியிலுள்ள உப்பு நீரை அதில் ஊற்றினால், சேறு தங்கிவிட, உப்பு முழுவதும் கீழே இறங்கிவிடும். கரைந்த அணுத்துகள்கள் அத்துவாரங்களைவிட ஆயிரம் மடங்கு சிறியவை.

ஆகவே விஞ்ஞானிகள் வழியை மறிப்பதை விடுத்து, பற்றி இழுக்கும் பரப்பை நாடினார்கள். அலுமினிய ஹைட்ராக்சைடை மிதமான வெப்பத்தில் சுட்டு, அதனுள் இருக்கும் நீரை விரட்டினால், எண்ணற்ற நுண்துளைகள் கொண்ட அலுமினா கிடைக்கிறது. அதன் ஒரு கிராமில் 200 சதுர மீட்டருக்கும் மேற்பட்ட பரப்பு, ஏறக்குறைய 5 சென்ட் மனையின் விஸ்தீரணம், அடங்கியிருக்கிறது. சூளையின் உஷ்ணம் மிதமிஞ்சினாலோ துளைகள் மூடிக்கொண்டு அந்தச் சக்தி அழிந்துபோகும். தருமபுரி போன்ற மாவட்டங்களில் பாறைகளிலிருந்தே நீரில் கலக்கும் ஃபுளோரைடையும், வங்காளத்துக் கிணறுகளின் ஆர்செனிக்கையும் பற்றிக்கொள்ள வல்லது இவ்வலுமினா. ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களுக்கோ சியோலைட் என்னும் மற்றொரு பதார்த்தம் உகந்தது. தன்னுள் இருக்கும் சோடியத்தை நீருக்குக் கொடுத்து, அதற்கு ஈடாக ஈயத்தை வாங்கி வைத்துக்கொள்வது அதன் சுபாவம்.

இவற்றிற்கு வேண்டிய மூலப்பொருள்களோ தொலைவில் இல்லை. நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலுள்ள அடுக்குகளில் வெண்களிமண் கிடைக்கிறது. 1962 முதல் மின்சாரம் உற்பத்தியாகும் அவ்வூரின் அனல்மின் நிலையங்களில் சாம்பல் குவிகிறது. அத்தகைய சாம்பலைக் காஸ்டிக் சோடாவுடன் சேர்த்துச் சூடாக்கிச் சியோலைட் செய்யலாம். மண்ணைச் சுடும் வித்தையைக் கற்பிக்க, இதே மாவட்டத்து விருத்தாசலத்தில் அரசின் பீங்கான் தொழில்நுட்பக் கல்விக்கூடம் இருக்கிறது.

எனினும் இம்முறையைச் சர்வரோக நிவாரணி என்று மயங்கலாகாது. கரைப்பான்கள் போன்ற கரிம இரசாயனங்களைப் பிடிக்க, இப்பொருள்களைவிடச் செயலூட்டிய கரியே மேலானது. அன்றியும், சுட்ட மண் நஞ்சைப் பிடிக்கிறதேயன்றி அழிப்பதில்லை. பரப்பு நிரம்பியதும் காரத்தாலோ உப்புநீராலோ கழுவிப் புதுப்பிக்க வேண்டும். கழுவிய நீரில் அந்நஞ்சு முன்னிலும் செறிந்து வெளிவரும். ஏழைக் குடும்பத்தின் அடுக்களையில் அதனைக் கையாள்வார் யார்? எந்த நஞ்சு, எவ்வளவு என்று அறிந்திருப்பவர் ஆலைக்காரரே. ஆதலால் அவருடைய கழிவுநீர் வாயிலிலேயே இவ்வுபாயத்தை அமைத்து, பிடிபட்ட நஞ்சுக்கும் அவரையே பொறுப்பாக்குவதுதான் நியாயமும் சிக்கனமும் ஆகும்.