போர்க்கால மருத்துவர் இருவர்: லட்சுமியும் ரங்கராஜும்

முன்னுரை

காயம்பட்டோர் எத்தரப்பினராயினும் அவர்களைக் காப்பதே மருத்துவர்தம் கடமையாகும். எனினும் போரில் அம்மருத்துவர்க்கு நேரும் முடிவை, அவர்கள் எக்கொடியின்கீழ் நின்றனர் என்பதே பெரிதும் வகுத்தது. தமிழகத்து மருத்துவர்களான லட்சுமி சுவாமிநாதன், ஏ.ஜி. ரங்கராஜ் ஆகியோரை ஒப்பிட்டு இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

சிறைப்பட்டவர்

1938-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற லட்சுமி, 1940-இல் சிங்கப்பூர் சென்று ஏழைத் தொழிலாளர்க்கு மருத்துவம் பார்த்தார். 1942 பிப்ரவரி 15 அன்று அந்நகர் ஜப்பானியர் வசமானது. 1943-இல் நேதாஜியின் அழைப்பை ஏற்று ஜான்சிராணிப் படைக்குத் தலைமை தாங்கினார். மலாயாவின் இரப்பர்த் தோட்டத் தமிழ்ப் பெண்கள் பலர் அப்படையில் சேர்ந்தனர். 1945-இல் பர்மாவில் பிரிட்டிஷாரிடம் பிடிபட்ட அவர், 1946 மார்ச்சில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்.

விருது பெற்றவர்

ரங்கராஜ் பிரிட்டிஷ் இந்தியப் படையின் மருத்துவ அதிகாரி. 1941-இல் வான்குடை கொண்டு குதித்த முதல் இந்தியருள் ஒருவர். கொரியப் போருக்கு இந்தியா போரிடும் படையை அனுப்பவில்லை. 60-ஆவது வான்குடைக் கள மருத்துவப் பிரிவையே அனுப்பியது. 1950 நவம்பரில் அதன் தலைவராகச் சென்ற ரங்கராஜ், 1951 மார்ச் 23 அன்று அமெரிக்க வீரர்களுடன் முன்சான் அருகே தம் குழுவினரோடு குதித்துக் காயம்பட்டோர்க்குச் சிகிச்சை அளித்தார். மகாவீர் சக்கர விருதும் பெற்றார்.

முடிவுரை

விடுதலைக்குப் பின்னரும் இந்திய தேசிய இராணுவத்தினர் நாட்டின் படையில் மீளச் சேர்க்கப்படவில்லை. லட்சுமி கான்பூரில் எளியோர்க்குப் பல்லாண்டு மருத்துவம் பார்த்தார்; பத்மவிபூஷண் 1998-இல்தான் கிடைத்தது. எனவே, படைமருத்துவர் வரலாற்றை விருதுப் பட்டியலைக் கொண்டு மட்டும் எழுதுதல் பொருந்தாது. சிறைப்பட்டோர் பணியையும் அதனுடன் சேர்த்து ஆராய்தல் வேண்டும்.