இன்னொரு மனநல மருத்துவரைக் கேட்கலாமா?

மனநோய் என்று கேட்டவுடன், 'இது சரிதானா?' என்ற ஐயம் குடும்பத்தாருக்கு எழுவது இயல்பு. மற்றொரு மருத்துவரின் கருத்தை நாடுவது முதல் மருத்துவரை அவமதிப்பதாகாது.

பெரும்பாலான மனநோய்களை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இல்லை. நோயாளியும் உறவினரும் கூறும் வரலாற்றையும் நேரில் காண்பதையும் கொண்டே முடிவு செய்கிறோம். ஆகவே, சொல்லாமல் விடுபட்ட ஒரு செய்தி முடிவையே மாற்றக்கூடும். மனச்சோர்வுடன் வருபவர், முன்பொருமுறை பல நாட்கள் உறக்கமின்றியும் களைப்பறியாமல் மிகுந்த உற்சாகத்துடன் இருந்ததைக் கூற மறந்துவிடலாம். அது இருமுனைக் கோளாறாயின் சிகிச்சையே வேறு. மனச்சோர்வுக்கான மருந்தை மட்டும் கொடுத்தால் சிலருக்கு மனவெழுச்சி தூண்டப்படலாம். தைராய்டு சுரப்புக் குறைவும் மனச்சோர்வு போலத் தோன்றுவதுண்டு.

போதிய அளவில், போதிய காலம் மருந்து உட்கொண்டும் பயனில்லாவிடில் இரண்டாவது கருத்தை நாடலாம். செல்லும்போது மருந்துச்சீட்டுகளையும் பரிசோதனை முடிவுகளையும், நோயாளியுடன் வாழும் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். அடிப்படை மருத்துவக் குறிப்புகளைப் பெறும் உரிமையை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அளிக்கிறது.

அதுவரை மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். லித்தியம் போன்றவற்றைத் திடீரென நிறுத்தினால் நோய் விரைந்து திரும்பக்கூடும். தற்கொலை எண்ணம் தென்பட்டால் இரண்டாவது கருத்துக்காகக் காத்திராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். டெலி மானஸ் உதவி எண் 14416.

இரு மருத்துவர்களும் மாறுபட்டால், இருவரிடமும் காரணத்தைக் கேளுங்கள். 'நோயே இல்லை' என்று சொல்பவர் கிடைக்கும்வரை மருத்துவர்களை மாற்றிக்கொண்டே போனால், இழப்பது சிகிச்சைக்குரிய காலத்தைத்தான்.