பேங்க்: ஒரு சொல்லின் பல கரைகள்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடி மலைக்குச் செல்லும் சாலையில், மலையேற்றம் தொடங்குமிடத்தில் அமைந்துள்ளது கல்லாறு. ஊரின் இயல்பை அதன் பெயரே கூறிவிடுகிறது. உருண்டு திரண்ட பாறைகளுக்கிடையே தெளிந்த நீர் ஓடும் ஆறு அது. கீழே இறங்கி வாமனபுரம் ஆறாகி அரபிக்கடலை நோக்கிச் செல்கிறது. நம் வாடிக்கையாளர்கள் நாள்தோறும் உச்சரிக்கும் ஓர் ஆங்கிலச் சொல்லின் பொருள்களை ஆராய இவ்வூர் மிகப் பொருத்தமானது. 'பேங்க்' என்பதே அச்சொல்.

கல்லாற்றின் கரையும் ஆங்கிலத்தில் பேங்க்தான். நீர் ஓடும் திசையை நோக்கி நின்றால் வலப்புறம் இருப்பது வலக்கரை, இடப்புறம் இருப்பது இடக்கரை. உலகெங்கும் இதுவே மரபு. ஊரைக் கடந்தவுடன் பொன்முடிச் சாலையின் 22 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. வளைவில் திரும்பும் வண்டி வெளிப்புறமாகத் தள்ளப்படாமல் இருக்க, சாலையின் வெளிவிளிம்பைச் சற்று உயர்த்தி அமைப்பது பொறியாளர் வழக்கம். அச்சரிவும் ஆங்கிலத்தில் பேங்க் எனப்படும். வானூர்தி ஒருபுறம் சாய்ந்து திரும்புவதற்கும் அதுவே பெயர். மாலையில் பொன்முடியின் சரிவில் திரண்டு நிற்கும் மூடுபனியும், மேகத்திரளும் ஆங்கிலத்தில் பேங்க் ஆகிவிடுகின்றன. மேட்டையும் சரிவையும் திரட்சியையும் ஒரே சொல் சுமக்கிறது.

பணம் காக்கும் நிறுவனத்திற்கு இப்பெயர் எவ்வாறு வந்தது? இடைக்கால இத்தாலிய நகரங்களில் நாணயம் மாற்றுவோர் சந்தையில் ஒரு நீண்ட பலகையை இட்டு, அதன் பின்னே அமர்ந்து தொழில் செய்தனர். பலகையை இத்தாலியர் 'பாங்க்கா' என்றனர். பலகையின் பெயர் தொழிலுக்கும், தொழிலின் பெயர் நிறுவனத்திற்கும் ஆயிற்று. ஆயினும் இத்தாலியரும் அச்சொல்லை ஜெர்மானிய மொழிக் குடும்பத்திலிருந்தே பெற்றனர். மேடு, திட்டு, பலகை என்னும் பொருள்களை ஈன்ற அப்பழைய வேரிலிருந்தே ஆற்றங்கரையைக் குறிக்கும் சொல்லும் கிளைத்தது. எனவே ஆற்றின் பேங்க்கும் பணத்தின் பேங்க்கும் தொலைவில் பிரிந்து வளர்ந்த உறவினர்களே. நம் பள்ளிகளில் மாணவர்கள் அமரும் 'பெஞ்சு' அக்குடும்பத்தின் மற்றோர் உறுப்பினர். நொடித்துப் போனவரைக் குறிக்கும் 'பேங்க்ரப்ட்' என்னும் சொல்லோ, உடைந்த பலகை என்னும் இத்தாலியத் தொடரிலிருந்து வந்தது.

தமிழுக்குள் நுழைந்த பின்னரும் இச்சொல் வேடிக்கை காட்டியது. முன்பு அதைப் 'பாங்கு' என்றும் 'பாங்கி' என்றும் எழுதினர். பாங்கு என்றால் தமிழில் தன்மை, அழகு. இசுலாமியர் இல்லங்களிலோ தொழுகைக்கான அழைப்பு. எல்லைக்கு அப்பால் மலையாளத்திலும் தொழுகை அழைப்பை 'பாங்க்' என்பர். ஓசை குரலைக் குறிக்கும் பாரசீகச் சொல் அது; பணத்தோடு அதற்கு உறவில்லை. பாங்கி என்பவளோ அகப்பாடல் மரபில் தலைவியின் தோழி. பின்னர் 'வங்கி' என்னும் வடிவம் நிலைபெற்றது. அதுவும் நமக்குப் புதிய ஒலியன்று. பெண்கள் மேற்கையில் அணியும் அணிகலனுக்கு வங்கி என்றே பெயர். இல்லத்தில் நெருக்கடி நேரும்போது, கையிலுள்ள வங்கி நகைக்கடனுக்காக வங்கிக்கே செல்வதும் உண்டு.

ஆங்கிலம் ஒரே சொல்லால் சுட்டுவதை நாம் கரை என்றும் வங்கி என்றும் பிரித்தறிகிறோம். மேற்காசியச் செய்திகளை எழுதும் தமிழ் நாளேடுகள் 'மேற்குக் கரை' என்றே சரியாக எழுதுகின்றன. 'வங்கி' என்று எழுதினால் செய்தியே குலைந்துவிடும். ஒரே ஒலியில் வெவ்வேறு பொருள் நிற்பதற்கு மொழியியல் வகுப்புகளில் தரப்படும் மிகப் பழகிய எடுத்துக்காட்டு இச்சொல்லே.

இருபதாம் நூற்றாண்டில் இச்சொல் பணத்தையும் கடந்தது. 1937இல் சிக்காகோவின் குக் கவுண்டி மருத்துவமனையில், கொடையாகப் பெற்ற குருதியைச் சேமித்து வைக்கும் ஏற்பாட்டைச் செய்த மருத்துவர் பெர்னார்ட் ஃபேன்டஸ், அதற்கு 'பிளட் பேங்க்' என்று பெயரிட்டார். இன்று கொடுப்பவர் இட்டதை, நாளை தேவையுள்ளவர் எடுக்கலாம் என்னும் கருத்தை அப்பெயர் எளிதில் உணர்த்தியது. அதன்பின் கண் வங்கி, தாய்ப்பால் வங்கி, விதை வங்கி எனப் பலவும் தோன்றின. கைப்பேசிக்கு மின்னூட்டும் 'பவர் பேங்க்' நம் பைகளில் இடம்பெற்றது.

கல்லாற்றில் இன்னொரு வகைச் சேமிப்பும் உண்டு. காணிப் பழங்குடியைச் சேர்ந்த லட்சுமிக்குட்டி அம்மையார் இவ்வூர்க் காட்டுப் பகுதியில் வாழ்பவர். ஏறத்தாழ 500 மூலிகை மருந்துகளை நினைவிலிருந்தே செய்யவல்ல இவருக்கு 2018இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஏட்டில் இடப்படாத அறிவு, அதனைத் தாங்கும் மனிதரோடு மறைந்துவிடக்கூடிய வைப்பு.

அத்தகைய அறிவுக்கு விலை உண்டு என்பதையும் இம்மலைப் பகுதியே உலகிற்குக் காட்டியது. 1987இல் அகத்தியர் மலைப் பகுதிக்குச் சென்ற அறிவியலாளர்கள், வழிகாட்டிய காணி மக்கள் ஒரு சிறு செடியின் கனியை உண்டு களைப்பின்றி நடப்பதைக் கண்டனர். அச்செடியே 'ஆரோக்கியப்பச்சை'. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிலையம் அதிலிருந்து 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கி, கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆரிய வைத்திய மருந்தகத்திற்கு உரிமம் அளித்தது. உரிமக் கட்டணத்திலும் விற்பனைப் பங்கிலும் பாதியைக் காணி மக்களுக்கு அளிக்க நிலையம் ஒப்புக்கொண்டது; அதனைப் பெறுவதற்கென 1997இல் காணி மக்களுக்கான அறக்கட்டளை ஒன்று பதிவு செய்யப்பட்டது. மரபறிவின் பயனை அதற்குரியவர்களோடு பகிர்ந்துகொண்ட முன்னோடி முயற்சி என இது பேசப்படுகிறது. முன்னோர் இட்ட வைப்புக்குப் பேரர் பெற்ற வட்டி என நாம் இதனைக் கூறலாம்.

இத்தனை பொருள்களுக்கும் அடியில் ஒரு பொதுமை உண்டு. கரை நீரைத் தாங்குகிறது. உயர்ந்த விளிம்பு வண்டியைத் தாங்குகிறது. வங்கி பிறர் பொருளைத் தாங்குகிறது. ஒருவரை நம்பியிருத்தலை ஆங்கிலத்தில் 'பேங்க் ஆன்' என்பதும் இதனாலேயே நமக்கு வியப்பளிப்பதில்லை. ஆனால் தாங்க வேண்டியது தாங்காதபோது நேரும் இழப்பு பெரிது. கோடையில் கணுக்கால் அளவே ஓடும் கல்லாறு, மலைமேல் மழை பெய்தால் கீழே நிற்பவர் அறியாமலே திடீரெனப் பெருகிவிடும். கரையில் வைத்த எச்சரிக்கைப் பலகையைப் பொருட்படுத்தாமல் இறங்கி உயிரிழந்தோர் உண்டு.

பணத்தின் கரையும் உடைந்ததுண்டு. திருவிதாங்கூர் நேஷனல் வங்கியும் குயிலான் வங்கியும் 1937இல் இணைந்து உருவான பெரிய வங்கி, மறு ஆண்டே மூடப்பட்டது. 1960இல் பாலாய் சென்ட்ரல் வங்கி வீழ்ந்தபோது கேரளம் மீண்டும் அதிர்ந்தது. அந்த அதிர்ச்சியின் பின்னரே நாடாளுமன்றம் வைப்புக் காப்பீட்டுச் சட்டத்தை இயற்றியது. 1962 ஜனவரி 1 முதல் வைப்புக் காப்பீட்டுக் கழகம் செயற்படலாயிற்று. தொடக்கத்தில் ஒருவருக்கு 1,500 ரூபாயாக இருந்த காப்பு, 2020 பிப்ரவரி 4 முதல் 5 லட்சம் ரூபாயாக உயர்ந்துள்ளது. அசலும் வட்டியும் இதில் அடங்கும். ஒரே வங்கியின் பல கிளைகளில் ஒருவர் தம் பெயரில் வைத்துள்ள தொகைகள் ஒன்றாகவே கணக்கிடப்படும்.

இங்கேதான் ஒரு சொல்லின் பொருள் வாடிக்கையாளரின் வாழ்வைத் தொடுகிறது. ஆற்றங்கரையையும் பனித்திரளையும் யார் வேண்டுமானாலும் பேங்க் எனலாம். பணத்தொழிலில் அவ்வுரிமை இல்லை. 1949ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம், அதன் 7ஆம் பிரிவின் வழி, அச்சொல்லைப் பெயரில் கொள்வதற்கு வரம்பு விதிக்கிறது. 2020இல் செய்யப்பட்ட திருத்தத்திற்குப்பின், சட்டமோ ரிசர்வ் வங்கியோ அனுமதித்தாலன்றிக் கூட்டுறவுச் சங்கங்களும் அச்சொல்லைத் தம் பெயரில் வைத்துக்கொள்ளலாகாது. 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி இதனைப் பொதுமக்களுக்கு நினைவூட்டி, அவ்வாறு பெயரிட்டுக்கொண்ட உரிமமற்ற சங்கங்களில் இடும் வைப்புகளுக்கு வைப்புக் காப்பீடு கிடையாது என எச்சரித்தது. ஊர்தோறும் சேவைக் கூட்டுறவு அமைப்புகள் வேரூன்றிய கேரளத்தில் இது பெரும் விவாதமாயிற்று. அவை பல்லாண்டுகளாக உழவர்க்குக் கடனுதவி அளித்து வருபவை. அவற்றின் வைப்புகளுக்கென மாநிலத்தில் தனியே உத்தரவாத நிதித் திட்டமும் உள்ளது. அவற்றின் தொண்டை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் ஒரு காப்பு வேறு, மற்றொரு காப்பு வேறு என்பதை வைப்பாளர் அறிந்திருத்தல் நன்று.

ஆகவே, பெயர்ப்பலகையில் அச்சொல்லைக் கண்டவுடன் பணத்தை இடுவதற்குமுன் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இந்நிறுவனம் ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்றதா? இங்கு இடும் வைப்புக்கு வைப்புக் காப்பீடு உண்டா? ஒரே இடத்தில் நாம் வைக்கும் தொகை காப்பின் எல்லையைக் கடக்கிறதா? காப்பீடு பெற்ற வங்கிகளின் பட்டியலை வைப்புக் காப்பீட்டுக் கழகம் தன் இணையதளத்தில் வெளியிட்டுள்ளது. கிளையில் நேரில் கேட்பதற்கும் எவரும் கூச்சப்பட வேண்டியதில்லை. விடையளிப்பது நிறுவனத்தின் கடமை.

கல்லாற்றில் இறங்குபவர் முதலில் மலையுச்சியின் மேகத்தைப் பார்க்க வேண்டும் என்பர் ஊரார். சேமிப்பை ஒப்படைப்பவரும் அவ்வாறே பெயருக்குப் பின்னால் நிற்பது யாது என்று பார்த்துவிட்டால், கரை எதுவாயினும் அச்சமின்றிக் கால் வைக்கலாம்.