ஓடுவது காலா, காலணியா?

டோபி காட் எம்ஆர்டி நிலையத்தில் மூன்று ரயில் பாதைகள் சந்திக்கின்றன. காலை எட்டரை மணிக்கு அங்குள்ள மின்படிக்கட்டில் நின்றுகொண்டு மற்றவர்களின் கால்களை மட்டும் கவனித்துப் பாருங்கள். மேலே அலுவலகச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கீழே ஓட்டக் காலணி. ஓடுவதற்காக உருவான காலணி, இன்று ஓடாதவர்களின் கால்களிலும் ஏறிவிட்டது.

ஓடுகிறவர்களும் பெருகித்தான் இருக்கிறார்கள். வானொலியில் உடற்பயிற்சியைப் பற்றிப் பேசினாலே நேயர்களிடமிருந்து எனக்கு வரும் முதல் கேள்வி, “எந்தச் சப்பாத்து வாங்கலாம்?” என்பதுதான். “எப்படிப் பயிற்சி செய்வது?” என்பதெல்லாம் பிறகுதான். 300 வெள்ளிக்கு மேல் விலையுள்ள காலணிகள் கடைகளில் அடுக்கப்பட்டிருக்கும் இந்நாளில், அந்தக் கேள்விக்கான பதிலை வரலாற்றில் தேடிப் பார்ப்பது நல்லது.

வெறுங்காலில் ஒரு தங்கம்

1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலோடு மாரத்தான் ஓடினார். 42.195 கிலோமீட்டரை 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் முடித்துத் தங்கம் வென்றார். நான்கு ஆண்டுகள் கழித்து தோக்கியோவில் காலணி அணிந்து ஓடி, 2:12:11 நேரத்தில் மீண்டும் தங்கம் வென்றார்.

அந்தக் காலத்து ஓட்டக் காலணி இன்றுபோல் மெத்தென்று இருக்காது. மெல்லிய ரப்பர் அடிப்பாகம், அதற்கு மேல் துணி அல்லது தோல், அவ்வளவுதான். 1951ல் பாஸ்டன் மாரத்தானை வென்ற ஜப்பானிய வீரர் ஷிகெகி தனாகா, கட்டைவிரலுக்குத் தனி இடம் விட்டுப் பிளந்த காலணியில் ஓடினார்.

மாற்றம் 1970களில் வந்தது. அமெரிக்கப் பயிற்றுவிப்பாளர் பில் பவர்மன், 1971ல் வீட்டிலிருந்த வாஃபல் சுடும் அச்சில் ரப்பரை ஊற்றி, எடை குறைவான, நல்ல பிடிமானம் தரும் அடிப்பாகத்தைச் செய்து பார்த்தார். அவர் இணைந்து தொடங்கிய நிறுவனம்தான் பின்னாளில் நைக்கி. அதே பத்தாண்டில், குதிகாலுக்கு அடியில் மென்மையான நுரைப் பொருளை வைக்கும் முறையும் பரவியது.

தார்ச் சாலையில் ஓடுவது இதனால் சாதாரண மக்களுக்கும் எளிதானது. 1970ல் நியூயார்க் மாரத்தானில் ஓடத் தொடங்கியவர்கள் 127 பேர்தான். அவர்களில் 55 பேர்தான் முடித்தார்கள். இன்று அதே போட்டியை 50,000க்கும் அதிகமானோர் முடிக்கிறார்கள். மெத்தென்ற காலணி மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால், அதற்கும் ஒரு பங்கு உண்டு.

நம் ஊர்க் கால்கள்

சிங்கப்பூர் மாரத்தான் 1982ல் தொடங்கியது. இன்று பல பிரிவுகளாக நடக்கும் ஓட்டத் திருவிழாவாக அது வளர்ந்திருக்கிறது. சில ஆண்டுகள் விடியும் முன்னரே ஆர்ச்சர்ட் ரோட்டில் ஓட்டம் தொடங்கியது. 2019ல் அதை மாலைக்கு மாற்றினார்கள்.

இந்த வரலாற்றில் நாம் மறக்கக்கூடாத பெயர்கள் இரண்டு. முதலாமவர் கே. ஜெயமணி. 1977 தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளில் 1,500 மீட்டர், 3,000 மீட்டர் ஓட்டங்களில் தங்கம் வென்றவர். 1983ல் சிங்கப்பூரில் நடந்த அதே போட்டிகளில் பெண்கள் மாரத்தானிலும் தங்கம் வென்றார். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் அறிமுகமானது அதற்கு அடுத்த ஆண்டில்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தத் தங்கத்தின் எடை புரியும்.

இரண்டாமவர் எம். ரமேஷன். 1995ல் தாய்லாந்தின் சியாங் மாயில் 2 மணி 24 நிமிடம் 22 விநாடியில் ஓடித் தேசியச் சாதனை படைத்தார். 23 ஆண்டுகளுக்கு மேல் அதை யாராலும் முறியடிக்க முடியவில்லை.

கார்பன் தகடு

அந்த இடைவெளியில் காலணி வெகுதூரம் ஓடிவிட்டது. 2017ல் விற்பனைக்கு வந்த நைக்கி வேப்பர்ஃபிளை, தடிமனான, எடையற்ற நுரைக்குள் விறைப்பான கார்பன் தகடு ஒன்றை வைத்திருந்தது. காலை ஊன்றும்போது அமுங்கும் நுரை, அந்த ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பித் தருகிறது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வில், இந்த வகைக் காலணியில் ஓடியவர்கள் சராசரியாக 4 விழுக்காடு குறைவான ஆற்றலையே செலவிட்டார்கள். சர்ச்சை வளரவே, சாலை ஓட்டக் காலணியின் அடிப்பாகம் 40 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது என்று உலகத் தடகள அமைப்பு 2020ல் விதி வகுத்தது.

ரமேஷனின் சாதனை 2019 பிப்ரவரியில் முறிந்தது. ஸ்பெயினின் செவில் நகரில் சோ ருய் யோங் 2:23:42 நேரத்தில் ஓடினார். இரண்டு சாதனைக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 40 விநாடி. பாதையும் வானிலையும் வேறு என்பதால் நேரடியாக ஒப்பிட முடியாதுதான். ஆனாலும், ஒன்று தெளிவாகத் தெரிகிறது. காலணி சில நிமிடங்களைக் குறைக்கலாம்; மீதி இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுவது கால்கள்தான்.

எனவே, முதன்முதலாக ஓட நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கார்பன் தகடு இப்போதைக்கு வேண்டாம். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் கடைக்குப் போங்கள். விரல் நுனிக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கவேண்டும். கடைக்குள்ளேயே பத்தடி ஓடிப் பாருங்கள். உறுத்தாமல் இருந்தால் அதுவே உங்கள் சப்பாத்து. விலைச்சீட்டைப் பிறகு பார்க்கலாம்.

ஓடுவதற்கு இடம் தேடி அலையவும் வேண்டாம். ஒரு காலத்தில் ஓடைத் தண்ணீரில் துணி துவைத்த சலவைத் தொழிலாளர்களால் பெயர் பெற்ற டோபி காட்டுக்குப் பக்கத்திலேயே ஃபோர்ட் கேனிங் குன்று இருக்கிறது. அதன் படிகளுக்கும் சரிவுகளுக்கும் கட்டணம் இல்லை. வெயில் ஏறும் முன் போய்விட்டால் போதும்.